நடாத தோட்டத்தின் நினைவுகள்: குவாஜலின் படைத்தளத்து இளமைக்காலம் பற்றிய எழுத்துகள் – ஒரு திறனாய்வு

இளமைக்கால நினைவுகளைப் பொருளாகக் கொண்ட எழுத்துகளைத் திறனாய்வு செய்வது எளிதன்று. ஓர் அரசியல் வாதத்தை மறுத்துரைக்கலாம். ஒரு வரலாற்று நூலின் சான்றுகளைச் சரிபார்க்கலாம். ஆனால், தாம் சிறுவராய் இருந்த காலத்தில் ஒரு கடற்கரையில் மகிழ்ந்திருந்ததாக ஒருவர் எழுதும்போது அம்மகிழ்ச்சியை மறுக்கும் உரிமை யாருக்கு உண்டு? குழந்தையின் களங்கமின்மை அந்த எழுத்துக்கு அரணாக நின்றுவிடுகிறது. இதனாலேயே இத்தகைய எழுத்துகள் பெரும்பாலும் இரசிக்கப்படுகின்றனவேயன்றி ஆராயப்படுவதில்லை.

எனினும், சில இடங்களைப் பற்றிய இளமை நினைவுகள் ஆராயப்பட வேண்டியவை. பசிபிக் பெருங்கடலின் நடுவே, மார்ஷல் தீவுகளில் உள்ள குவாஜலின் அத்தகைய ஓர் இடம். அங்குள்ள அமெரிக்கப் படைத்தளத்தில் பணியாற்றிய பொறியாளர், அறிவியலார், ஒப்பந்தப் பணியாளர் ஆகியோரின் பிள்ளைகள் பலர், வளர்ந்தபின் தங்கள் தீவு வாழ்க்கையை நினைவுகூர்ந்து எழுதியும் பேசியும் வந்துள்ளனர். தன்வரலாற்றுக் குறிப்புகளாகவும், முன்னாள் மாணவர் ஒன்றுகூடல்களின் நினைவுரைகளாகவும், ஆய்வு நூல்களின் ஊடாகவும் இந்நினைவுகள் பெருகியுள்ளன. இவற்றை எவ்வாறு வாசிப்பது? குழந்தையின் மகிழ்ச்சியைப் பொய்யென்று தள்ளாமலும், அம்மகிழ்ச்சிக்காகப் பிறர் கொடுத்த விலையை மறவாமலும் வாசிக்க வழி உண்டா? இக்கேள்வி இலக்கியக் கேள்வி மட்டுமன்று, இறையியல் கேள்வியுமாகும். நினைவு என்பது நம் விசுவாசத்தின் மையத்தில் உள்ள சொல்லன்றோ!

1. தீவும் அதன் வரலாறும்

எழுத்துகளுக்குள் நுழையுமுன் இடத்தை அறிந்துகொள்வது தேவை. குவாஜலின் என்பது ஒரு தனித்தீவின் பெயர் மட்டுமன்று. ஏறத்தாழ 2,170 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு காயலைச் சுற்றி மாலைபோல் அமைந்த பவளத்தீவுக் கூட்டத்திற்கும் அதுவே பெயர். உலகின் மிகப் பெரிய பவளத்தீவு வளையங்களுள் இதுவும் ஒன்று. காயல் இத்துணைப் பெரியதாயினும், தொண்ணூறுக்கு மேற்பட்ட சிறு தீவுகளின் நிலப்பரப்பு முழுவதையும் சேர்த்தாலும் ஏறத்தாழ 16 சதுர கிலோமீட்டரே தேறும். அங்கு நிலம் என்பது எவ்வளவு அரியது என்பதை இதனால் உணரலாம்.

1914இல் ஜப்பான் இத்தீவுகளைக் கைப்பற்றியது. முதல் உலகப் போருக்குப்பின் நாடுகளின் சங்கத்தின் ஆணையின்கீழ் அவற்றை ஆண்டது. பின்னர் குவாஜலின் ஜப்பானியப் படைத்தளமாயிற்று. கொரிய நாட்டுத் தொழிலாளரும் அங்குக் கொண்டுவரப்பட்டனர். 1944ஆம் ஆண்டு சனவரி இறுதியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும் நிகழ்ந்த போரில், கொரியத் தொழிலாளர் உட்பட ஜப்பானியர் தரப்பில் ஏறத்தாழ 8,000 பேர் சில நாட்களுக்குள் மடிந்தனர். தென்னையும் ஈரப்பலாவும் நின்ற தீவு கரிந்த மணல்மேடாயிற்று. அந்த மேட்டின்மீதே அமெரிக்கத் தளம் எழுந்தது.

1946 முதல் 1958 வரை பிகினி, எனிவெட்டாக் ஆகிய இடங்களில் அமெரிக்கா நடத்திய 67 அணுகுண்டுச் சோதனைகளுக்கு குவாஜலின் துணைத்தளமாக விளங்கியது. பின்னர் அது ஏவுகணைச் சோதனைக் களமாயிற்று. கலிபோர்னியாவின் வான்டென்பர்க் தளத்திலிருந்து எய்யப்பட்ட ஏவுகணைகள் ஏறத்தாழ 6,700 கிலோமீட்டர் கடந்து இந்தக் காயலை இலக்காகக் கொண்டு வந்து விழுந்தன. 1962இல் இங்கிருந்து எய்யப்பட்ட எதிர்ப்பு ஏவுகணை, கண்டம்விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையொன்றை முதன்முறையாக இடைமறித்தது. 1964இல் தளத்தின் பொறுப்பு கடற்படையிடமிருந்து தரைப்படைக்கு மாறியது.

இவ்வளவிற்கும் நடுவே அத்தீவின் மக்கள் எங்கே இருந்தனர்? குவாஜலின் தளத்தில் உழைத்த மார்ஷல் மக்கள் 1951இல் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் வடக்கே உள்ள ஈபை என்னும் சிறு தீவுக்கு மாற்றப்பட்டனர். 1960களில் ஏவுகணைகள் விழும் நடுக்காயல் பகுதியில் இருந்த தீவுகளின் மக்களும் அங்கேயே கொண்டுவந்து விடப்பட்டனர். ஈபையின் பரப்பு ஏறத்தாழ 80 ஏக்கர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தோர் 9,600க்கு மேற்பட்டோர். இவ்விரு தீவுகளுக்கும் இடையே உள்ள கடல் அகலமானதன்று. ஆயினும் நாம் ஆராயும் எழுத்துகள் பலவற்றில் அக்கடல் கடக்கவே முடியாததாய் இருக்கிறது.

2. நினைவுகள் எதைப் பேசுகின்றன?

படைத்தளத்தில் வளர்ந்தோரின் நினைவுகளில் சில காட்சிகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. சொந்த மோட்டார் வண்டிகள் இல்லாத தெருக்கள், மிதிவண்டியில் ஏறினால் தீவின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சில நிமிடங்களில் சென்றுவிடும் சுதந்திரம், பூட்டப்படாத வீடுகள், பள்ளி முடிந்ததும் காயலில் நீந்துதல், திறந்தவெளித் திரைப்படங்கள், கூம்பு வடிவக் கிளிஞ்சல்களைத் தேடி அலைதல், ஜப்பானியர் விட்டுச்சென்ற கான்கிரீட் பதுங்கறைகளில் ஒளிந்து விளையாடுதல். 1946ஆம் ஆண்டின் அணுகுண்டுச் சோதனைகளுக்கு இலக்காக நிறுத்தப்பட்டு, பின்னர் இழுத்துவரப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் இக்காயலில் கவிழ்ந்த 'பிரின்ஸ் ஆய்கன்' என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல்கூட, முக்குளிப்போருக்கு வேடிக்கைப் பொருளாகிவிடுகிறது. இரவு வானில் தீக்கோடுகளாய் இறங்கும் ஏவுகணை முனைகள், திருவிழா வாணவேடிக்கைபோல் நினைவுகூரப்படுகின்றன.

இவை பொய்யென்று நாம் சொல்லவில்லை. மிதிவண்டி உண்மை, கடல் உண்மை, நட்பும் உண்மை. எனினும் இந்நினைவுகளின் சொல்லமைப்பைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இவ்வுலகில் எல்லாம் தாமாகவே நடைபெறுகின்றன. புல்வெளிகள் தாமாகவே செம்மையாய் இருக்கின்றன. வீடுகள் தாமாகவே தூய்மையாகின்றன. குப்பை தானாகவே அகன்றுவிடுகிறது. வினைக்கு எழுவாய் இல்லை. அந்த எழுவாயை எங்கே தேடுவது? நாள்தோறும் காலையில் ஈபையிலிருந்து படகில் வந்து, அடையாள அட்டையைக் காட்டி, மாலையில் சோதனையிடப்பட்டுத் திரும்பிய மார்ஷல் தொழிலாளரிடத்தில்தான் தேடவேண்டும். வீட்டுவேலை செய்த பெண்கள் நினைவுகளில் வரும்போதும் பாசத்துடனேயே வருகின்றனர். ஆயினும் பெரும்பாலும் அவர்களுக்கு ஒரு பெயர் மட்டுமே உண்டு. ஊரில்லை, குலமில்லை, பிள்ளைகளில்லை. படகு புறப்பட்டபின் அவர்கள் எங்கே சென்றார்கள் என்பதைப் பெரும்பாலான நினைவுகள் வினவுவதில்லை.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. மார்ஷல் மொழியில் 'யோக்வே' என்பது வாழ்த்துச்சொல். அன்பு என்றும் அதற்குப் பொருளுண்டு. இச்சொல்லே படைத்தளத்துக் கேளிக்கைக் கூடமொன்றுக்குப் பெயராயிற்று. ஒரு மக்களின் வாழ்த்துச்சொல்லைத் தங்களுக்கென எடுத்துக்கொண்டு, அந்த மக்களைப் பொழுது சாய்ந்ததும் வெளியே அனுப்பிவிட்ட வாழ்க்கைமுறையின் சுருக்கத்தை இந்தப் பெயரிலேயே காணலாம்.

'தீவு வாழ்க்கை விண்ணுலகுக்கு ஒப்பானது' என்னும் கருத்து இவ்வெழுத்துகளில் வெளிப்படையாகவோ மறைவாகவோ நிலவுகிறது. விண்ணுலகைப் பற்றிப் பேசுவோர் அதன் வாசலைப் பற்றியும் பேசவேண்டும். யார் உள்ளே இருந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்று கேட்பது திறனாய்வாளரின் குறும்பு அன்று. லூக்கா சுவிசேஷத்தின் பதினாறாம் அதிகாரத்தை வாசித்த எவரும் கேட்கவேண்டிய கேள்வி அது.

3. ஒரே காயலின் வேறு பிள்ளைகள்

இதே காயலின் கரையில் வேறு இளமைக்காலங்களும் இருந்தன. 1948ஆம் ஆண்டில், சொந்தத் தீவிலிருந்து அகற்றப்பட்டு ரோங்கெரிக்கில் பட்டினியால் வாடிய பிகினி மக்கள், குவாஜலின் தளத்து விமான ஓடுபாதையின் அருகே கூடாரங்களில் சில மாதங்கள் குடிவைக்கப்பட்டனர். அக்கூடாரங்களிலும் பிள்ளைகள் இருந்தனர். 1954 மார்ச் 1ஆம் நாள் 'பிராவோ' என்னும் வெப்ப அணுக்கருக் குண்டு பிகினியில் வெடித்தபோது, ரோங்கலாப் தீவின்மேல் வெண்சாம்பல் பொழிந்தது. அது இன்னதென்று அறியாத சிறுவர் அதில் விளையாடினர். இரண்டு நாட்களுக்குப்பின் அவர்கள் கொண்டுவரப்பட்டதும் குவாஜலினுக்கே. தோல் வெந்து, தலைமயிர் உதிர்ந்த நிலையில் மருத்துவர்கள் அவர்களை ஆராய்ந்தனர். அவர்களும் பிற்காலத்தில் தங்கள் இளமையை நினைவுகூர்ந்தனர். அவர்களுடைய நினைவிலும் விளையாட்டு உண்டு. விளையாட்டுப் பொருளோ சாம்பல்.

1963இல் ஈபையில் இளம்பிள்ளை வாதம் பரவியது. அதற்கான தடுப்பூசி 1955 முதலே அமெரிக்காவில் வழக்கில் இருந்தது என்பதை நினைக்கும்போது, ஐந்து கிலோமீட்டர் என்பது எவ்வளவு நீண்ட தூரம் என்பது விளங்கும். படைத்தளத்துப் பள்ளி ஈபையின் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கவில்லை. பிற்காலத்தில் ஆண்டுதோறும் ஒரு சிலர் மட்டும் விருந்தினர் மாணவராகச் சேர்க்கப்பட்டனர். சொந்தத் தீவில் விருந்தினர் என்னும் நிலை எவ்வளவு வேதனையான முரண் என்பதை விளக்கவேண்டியதில்லை.

1982இல், தங்கள் நிலத்தின் குத்தகை பற்றிய ஒப்பந்தத்தை எதிர்த்து, ஏறத்தாழ ஆயிரம் பேர் படகேறிச் சென்று குவாஜலினிலும் ரோய்-நமூர் முதலிய தீவுகளிலும் கூடாரமிட்டனர். நான்கு மாதங்கள் அவர்கள் அங்கே தங்கினர். படைத்தளத்துப் பிள்ளைகள் வழக்கம்போல் கடலாடிய அதே கரைகளில், நிலத்துக்குரியோர் போராட்டக்காரராக அமர்ந்திருந்தனர். வீடு திரும்புதல் என்பதே அப்போராட்டத்தின் பெயர்.

இந்த இரண்டாம் வரிசை நினைவுகளுள் நாம் சிறப்பாகக் கருதவேண்டியது டார்லின் கெஜுவின் சாட்சியம். 1951இல் ஈபையில் பிறந்து, சோதனைக் களங்களிலிருந்து காற்று வீசும் திசையிலிருந்த வடபகுதித் தீவுகளில் வளர்ந்தவர் அவர். ஹவாயில் பொதுச் சுகாதாரம் பயின்றார். 1983இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய உலகத் திருச்சபைகள் மாமன்றத்தின் ஆறாம் பேரவையில், உலகெங்கிலுமிருந்து வந்த திருச்சபைப் பிரதிநிதிகளின் முன்நின்று தம் மக்களின் கதையைக் கூறினார். உருத்தெரியாமல் பிறந்து சில மணி நேரத்தில் இறந்த குழந்தைகளைப் பற்றி மார்ஷல் தாய்மார் சொன்னவற்றை அவர் அங்கே எடுத்துரைத்தார். தாம் பிறந்த இடத்தைக் கூறித் தொடங்கிய அவருடைய உரையும் ஒருவகையில் இளமை நினைவே. ஆனால் அது தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாத நினைவு. பின்னாளில் அவர் இளைஞர்களைக் கொண்டு பாட்டாலும் நாடகத்தாலும் நலவாழ்வுக் கல்வியைத் தீவுகளெங்கும் கொண்டுசென்றார். 1996இல், நாற்பத்தைந்தாம் வயதில், மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அவருடைய கணவர் கிஃப் ஜான்சன் எழுதிய வாழ்க்கை வரலாறு 2013இல் வெளிவந்தது.

4. ஒரு நூலின் முயற்சி

இவ்விரு வரிசை நினைவுகளையும் ஓரிடத்தில் சேர்க்க முயன்ற நூல், கிரெக் ட்வோராக் எழுதிய 'பவளமும் கான்கிரீட்டும்'. ஹவாய்ப் பல்கலைக்கழக அச்சகம் 2018இல் இதை வெளியிட்டது. ஆசிரியர் தம் இளமையின் ஒரு பகுதியைக் குவாஜலின் தளத்தில் கழித்தவர்; பின்னர் ஜப்பானில் வாழ்ந்து கற்பிக்கும் ஆய்வாளரானவர். தம்மைப் போன்றோரின் இனிய நினைவுகளை அவர் மறைக்கவுமில்லை, அவற்றோடு நின்றுவிடவுமில்லை. அத்தீவில் தந்தையரை இழந்த ஜப்பானியக் குடும்பங்களின் துயரம், கொரியத் தொழிலாளரின் மறக்கப்பட்ட மரணம், மார்ஷல் மக்களின் நிலவுரிமைப் போராட்டம் ஆகியவற்றையும் அவர் தேடிச்சென்று கேட்கிறார். தாம் விளையாடிய மண் பிறருக்குக் கல்லறை என்பதையும், இன்னும் சிலருக்கு அது பறிக்கப்பட்ட தாய்மண் என்பதையும் அவர் அறிந்துகொள்கிறார். இதுவே இந்நூலின் சிறப்பு.

நூலின் தலைப்பிலேயே அதன் கருத்து அமைந்துள்ளது. கான்கிரீட் என்பது ஒரே வடிவில் இறுகிப்போன வரலாறு; வெற்றியாளர் எழுதி, வேறெதற்கும் இடம்தராமல் மூடிவிட்ட கதை. பவளமோ எண்ணற்ற சிற்றுயிர்களால் மெல்ல மெல்ல வளர்வது. இறந்தவற்றின்மேல் வாழ்பவை கட்டியெழுப்புவது. நினைவு பவளம்போல் பன்மையானதாய் இருக்கவேண்டும் என்பது ஆசிரியரின் கருத்து.

இவ்வுருவகம் அழகியது, சிந்தனைக்கு உதவுவது. ஆயினும் இதன்மேல் நாம் ஒரு கேள்வி எழுப்பவேண்டியுள்ளது. பவளம் வளர்வது இயற்கை. ஒரு மக்கள் வெளியேற்றப்படுவது இயற்கையன்று. அது ஆணையால், கையொப்பத்தால், படகு அனுப்பியதால் நிகழ்வது. எல்லா நினைவுகளும் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்த அடுக்குகளே என்று மட்டும் கூறினால், வெளியேற்றியவரின் நினைவும் வெளியேற்றப்பட்டவரின் நினைவும் ஒரே எடையுள்ளவை எனத் தோன்றக்கூடும். அடுக்குகளுக்குள் ஒன்று மற்றொன்றை நசுக்குகிறது என்பதைச் சொல்ல உருவகம் போதாது. நீதி என்னும் அளவுகோல் வேண்டும். இந்நூலாசிரியர் மார்ஷல் மக்களின் உரிமையை உணர்ந்தே எழுதுகிறார் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் உருவகத்தை மட்டும் எடுத்துச் செல்லும் வாசகர், 'எல்லாருக்கும் ஒவ்வொரு நினைவு' என்னும் சமாதானத்தில் இளைப்பாறிவிடும் ஆபத்து உண்டு.

இக்குறையை நிறைவுசெய்ய 2022இல் வெளிவந்த லாரன் ஹிர்ஷ்பர்கின் 'புறநகர்ப் பேரரசு' என்னும் ஆய்வு துணைபுரிகிறது. அமெரிக்கப் புறநகர் வாழ்வின் வடிவம் எவ்வாறு பசிபிக்கின் நடுவே அப்படியே நாட்டப்பட்டது என்பதையும், அதற்காக மார்ஷல் மக்களின் உழைப்பும் குடியிருப்பும் எவ்வாறு பிரித்து ஒழுங்குபடுத்தப்பட்டன என்பதையும் அவர் ஆவணங்களைக் கொண்டு காட்டுகிறார். அமைதியான தெரு என்பது தற்செயலன்று, திட்டமிட்டு அமைக்கப்பட்டது என்பது இதனால் தெளிவாகிறது. சிறுவர் மிதிவண்டி ஓட்டிய தெருவும் ஈபையின் நெரிசலும் இருவேறு கதைகள் அல்ல. ஒரே திட்டத்தின் இரு பக்கங்கள்.

5. குழந்தையை விசாரிப்பது நியாயமா?

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். எட்டு வயதுக் குழந்தை உலக அரசியலை எங்ஙனம் அறியும்? அதன் மகிழ்ச்சியைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது இரக்கமற்ற செயலன்றோ?

இம்மறுப்பு நியாயமானதே. அதனாலேயே ஒரு வேறுபாட்டை நாம் உறுதியாகப் பற்றிக்கொள்ள வேண்டும். மகிழ்ந்தது குழந்தை, எழுதுவதோ வளர்ந்தவர். குழந்தை கேட்காத கேள்விகளுக்காகக் குழந்தையைக் குறைகூற இயலாது. ஆனால் ஐம்பது வயதில் பேனாவை எடுப்பவர் இன்னும் எட்டு வயதின் அறியாமைக்குள் தங்கியிருக்க விரும்பினால், அந்த அறியாமை இனிக் களங்கமின்மை ஆகாது. அது தெரிந்தெடுத்த மறதியாகும். இளமை நினைவு இலக்கியத்தின் தரத்தை அளக்க இதுவே சரியான இடம். எழுதுபவர் தம் குழந்தைப்பருவத்தோடு உரையாடுகிறாரா, அல்லது அதற்குள் ஒளிந்துகொள்கிறாரா?

ஏக்கம் வேறு, நினைவுகூர்தல் வேறு. ஏக்கம் சென்ற காலத்தைத் தனக்கென மீட்க விரும்புகிறது. அதற்குப் பிறர் தேவையில்லை. நினைவுகூர்தலோ பிறரின் முன்னிலையில் நடைபெறுவது. திருவிருந்தில் நாம் ஆண்டவரை நினைவுகூரும்போது இனிய மேல்வீட்டறையை மட்டும் நினைப்பதில்லை. பிட்கப்பட்ட உடலையும் சிந்தப்பட்ட இரத்தத்தையும் அறிக்கையிடுகிறோம். அந்த இராப்போஜனத்தின் இனிமையை மட்டும் வைத்துக்கொண்டு சிலுவையை விட்டுவிட்டால் அது திருவிருந்தாகாது. விலையைச் சொல்லாத நினைவு கிறிஸ்தவப் பொருளில் முழுமையான நினைவன்று.

6. திருமறையின் தவறான பயன்

இவ்வரலாற்றில் திருமறைக்கும் ஒரு பங்கு உண்டு என்பது நமக்கு வெட்கத்துக்குரியது. 1946 பிப்ரவரியில் ஒரு ஞாயிறன்று, ஆராதனை முடிந்தபின், அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த ஆளுநர் பென் வயட் பிகினி மக்களைக் கூட்டி, அவர்களை இஸ்ரவேல் புத்திரருக்கு ஒப்பிட்டுப் பேசினார். மனுக்குலத்தின் நன்மைக்காகவும் போர்களுக்கு முடிவு காண்பதற்காகவும் தீவைத் தற்காலிகமாக விட்டுத்தரும்படி கேட்டார். எல்லாம் கடவுளின் கரங்களில் இருக்கிறது என்று மக்களின் தலைவர் ஜூடா பதிலுரைத்தார். அடுத்த மாதமே 167 பேர் அகற்றப்பட்டனர். அடிமைகளை விடுவித்த யாத்திராகமத்தின் கதை, சுதந்தரரை நாடற்றவராக்கும் கருவியாயிற்று. பார்வோனின் அரண்மனையிலிருந்து மோசேயின் மொழி பேசப்பட்டது.

அம்மக்கள் அக்கதையை அறிந்திருந்ததற்குக் காரணம் மிஷன் பணி. 1857இல் மார்ஷல் தீவுகளின் எபோனில் நற்செய்திப்பணி தொடங்கியது. அதை நடத்தியது அமெரிக்கன் போர்டு எனப்படும் மிஷன் சங்கம். 1816இல் யாழ்ப்பாணத்திலும் 1834இல் மதுரையிலும் பணி தொடங்கிய அதே சங்கம் இது. எபோனுக்கு ஊழியரை ஏற்றிச்சென்ற 'விடிவெள்ளி' என்னும் கப்பல், அமெரிக்க ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிச் சிறுவர்கள் ஆளுக்குப் பத்துக் காசு பங்கு வாங்கிக் கட்டியது. ஆகவே மார்ஷல் சபையும் தென்தமிழகத்தின் பழைய சபைகளுள் பலவும் யாழ்ப்பாணத்துச் சபையும் ஒரே தாய்ச்சங்கத்தின் பிள்ளைகள். குழந்தைகளின் காணிக்கையால் சென்ற கப்பல் ஒரு நூற்றாண்டு. குழந்தைகள் விளையாடும் கடற்கரையில் விழும் ஏவுகணை மறு நூற்றாண்டு. இரண்டையும் அனுப்பிய நாடு ஒன்றே. அமெரிக்கச் சிறுவரின் அன்பு உண்மையானதே. அதுபோல் படைத்தளத்துச் சிறுவரின் மகிழ்ச்சியும் உண்மையானதே. ஆயினும், குழந்தைகளின் தூய உள்ளத்தைப் பெரியவர்களின் வல்லரசு தன் நோக்கத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள முடியும் என்பதே இங்கு நாம் கற்கவேண்டிய பாடம்.

படைத்தளத்திலும் ஓர் ஆலயம் உண்டு. அங்கே ஞாயிறுதோறும் இறைவார்த்தை வாசிக்கப்பட்டது. பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் கற்றனர். ஐந்து கிலோமீட்டர் அப்பால் ஈபையிலும் அதே ஞாயிறன்று அதே கர்த்தரின் நாமத்தில் மக்கள் கூடினர். ஒரே திருமறையை வாசிக்கும் இரு சபைகளுக்கு நடுவே அனுமதி அட்டை நிற்பது, சபை என்பதன் பொருளையே கேள்விக்குள்ளாக்குகிறது.

7. நடாத தோட்டம்

உபாகமம் ஆறாம் அதிகாரத்தின் 10 முதல் 12 வரையுள்ள வசனங்கள் இவ்வெழுத்துகளை வாசிக்க ஒரு திறவுகோலைத் தருகின்றன. தாங்கள் கட்டாத பட்டணங்களையும், நிரப்பாத வீடுகளையும், வெட்டாத துரவுகளையும், நடாத தோட்டங்களையும் பெற்று உண்டு திருப்தியடையும்போது மறவாதபடி எச்சரிக்கையாயிருங்கள் என்று இஸ்ரவேலர் கட்டளை பெறுகின்றனர். இப்பகுதி வெற்றிகொள்வோரை நோக்கிக் கூறப்பட்டதென்பதையும், அத்தோட்டங்களை நட்ட கானானியரின் குரல் அங்கே கேட்கவில்லை என்பதையும் நாம் மறைக்கலாகாது. எனினும் அதன் சொற்களுக்குள்ளேயே ஒரு வெடிப்பு உண்டு. 'நீ நடவில்லை' என்று சொன்ன கணமே, நட்டவர் ஒருவர் இருந்தார் என்பது வெளிப்பட்டுவிடுகிறது. வெற்றியாளரின் நிறைவுக்குள் அந்த அந்நியரின் நிழலைத் திருமறையே விட்டுவைத்திருக்கிறது. நல்ல இளமை நினைவும் அவ்வாறே, தான் பெற்ற நன்மைகளைச் சொல்லும்போது, 'இது நான் நட்டதன்று' என்னும் ஒரு வரியையேனும் உடன் சொல்லவேண்டும்.

சகரியா எட்டாம் அதிகாரத்தில் இன்னொரு காட்சி உண்டு. எருசலேமின் தெருக்கள் விளையாடுகிற ஆண்பிள்ளைகளாலும் பெண்பிள்ளைகளாலும் நிறைந்திருக்கும் என்பது தீர்க்கதரிசி கண்ட தரிசனம். குழந்தைகள் அச்சமின்றி விளையாடும் தெரு, இறையாட்சியின் அடையாளமாகவே அங்கே நிற்கிறது. இவ்விதத்தில் குவாஜலினின் மிதிவண்டித் தெருக்களில் வளர்ந்தோர் தம்மை அறியாமலேயே ஒரு பெரிய உண்மையின் சாயலைக் கண்டிருக்கிறார்கள். குழந்தைகளுக்கு அத்தகைய தெரு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்தரிசனம் அங்கே முடிவதில்லை. கிழக்கிலும் மேற்கிலும் சிதறுண்ட மக்களைக் கர்த்தர் மீட்டுக்கொண்டுவந்து அந்நகரின் நடுவே குடியிருக்கச் செய்வார் என்று அடுத்த வசனங்கள் கூறுகின்றன. பிள்ளைகள் விளையாடுவது வெளியேற்றப்பட்டோர் திரும்பிவந்த நகரத்தில். குவாஜலினிலோ, உரியோர் வெளியேறியதால் தெரு விளையாட்டுக்கு ஆயத்தமாயிற்று. தரிசனத்துக்கும் அதன் போலிக்கும் உள்ள வேறுபாடு இதுவே. மீகா தீர்க்கதரிசி தம் இரண்டாம் அதிகாரத்தில், தாய்மாரை அவர்களின் இனிய வீடுகளிலிருந்து துரத்தியோரையும் குழந்தைகளுக்குரிய மகிமையைப் பறித்தோரையும் கடிந்துகொண்டது இத்தகைய தெருக்களை முன்னிட்டே.

8. முடிவாக

2003ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி குவாஜலினின் பயன்பாட்டு உரிமை 2066 வரை அமெரிக்காவுக்கு உண்டு; 2086 வரை நீட்டிக்கவும் இடமுண்டு. ஆகவே இன்று நாம் ஆராய்ந்த நினைவுகள் முடிந்துபோன காலத்தின் நினைவுகள் அல்ல. இன்னும் பல தலைமுறைப் பிள்ளைகள் அக்காயலின் இரு கரைகளிலும் வளரக்கூடும்; அவர்களும் ஒருநாள் எழுதுவார்கள்.

அவ்வெழுத்துகளை வாசிக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. ஆயர்களும் இறையியல் மாணவர்களும் நாள்தோறும் பிறருடைய நினைவுகளைக் கேட்பவர்கள். சபைகளின் நூற்றாண்டு மலர்களும், மிஷன் வளாகங்களின் பொற்காலத்தைப் பேசும் குறிப்புகளும் நம் கைக்கு வருகின்றன. அவற்றிலும் புல்வெளி தானாகவே செம்மையாய் இருக்கக் காண்கிறோம். அங்கே தண்ணீர் இறைத்தவர் யார், அவர் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படித்தனர் என்று கேட்பது நன்றிகெட்ட செயலன்று. நன்றியைச் சரியான முகவரிக்கு அனுப்பும் செயலே அது.

இனிய நினைவுகளை அழிப்பது திறனாய்வின் பணியன்று. அவற்றுள் இடம் மறுக்கப்பட்டோருக்கு இடம் கேட்பதே அதன் பணி. ஈபைக்குத் திரும்பிய மாலைப் படகில் யார் இருந்தார், அவரை வரவேற்கக் கரையில் நின்ற குழந்தை யார் என்று சொல்லத் துணியும் நினைவே சாட்சியாகும். அத்தகைய சாட்சிகள் பெருகும்படி வாசிப்போமாக. அவ்வாறே நம் சபைகளின் கதைகளையும் எழுதுவோமாக.